இயற்பியல் தயாரிப்புக் குழுவின் சுருக்கமான வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, 'இயற்பியல் தயாரிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் குழுவின் செயலாளர் நான்தான் என்பதால் எனக்கு விவரம் தெரியும், அவ்வளவே.

குழு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகள் சிட்டுவுக்கு அது பள்ளியில் கடைசி வருடம். கல்லூரி முதலாண்டு இயற்பியலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித்தரும் வகுப்பு ஒன்று அவள் பள்ளியில் உண்டு. வருடக் கடைசியில் ஒரு பெரிய பரீட்சை. மதிப்பெண் ஐந்துக்கு. ஐந்து வாங்கிய பிள்ளை, கல்லூரியில் முதலாண்டு இயற்பியலைத் திரும்பப் படிக்க வேண்டாம்; நேராக இரண்டாம் ஆண்டுக்காரர்களோடு ஒளியியல் ஆய்வுக்கூடத்துக்குள் போய்விடலாம். நாலு வாங்கினால் போக முடியாது. சிட்டு அந்தக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தபோது, ஆய்வுக்கூடக் கதவின் கண்ணாடி வழியாக, இருட்டறையில் ஒரு பச்சைக் கதிர் நூல் பிடித்ததுபோல் மேசையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஆசை கிடையாது. யாரும் சொல்லாமல் தானே போய் அந்த வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

'தானே போய்' என்பதுதான் அண்ணனுக்கு உறுத்தியது. அண்ணன் ஒரு லிப்ட் நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவின் துணை மேலாளர். பதினாறு வருடத்தில் அவர் போட்ட திட்டங்களுக்குக் கணக்கே கிடையாது. அவற்றில் மேலே ஏறிய லிப்டுகளை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட மனிதரின் மகள் திட்டமே இல்லாமல் ஒரு காரியத்தில் இறங்குவதா? அன்று மாலையே பள்ளிக்குப் போய் இயற்பியல் டீச்சரைப் பார்த்து, பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று கேட்டார்.

"தினமும் ரெண்டு கணக்குப் போடச் சொல்லுங்க சார். புரியலைன்னா என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. அது போதும்" என்றார் டீச்சர்.

அண்ணன் ஆடிப்போய்விட்டார். இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிக் குறுக்கு வழியில் முடிக்கப் பார்க்கிறார்களே என்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் வருத்தப்பட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு பிறந்தது.

குழுவின் தலைவர் அண்ணன். அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். காத்திருப்பவர்களை மேலும் காத்திருக்க வைப்பதில் அவருக்கு நிகர் அவரே. ஆகவே 'நேர ஒதுக்கீட்டு அலுவலர்' பதவி அவருக்குப் போனது. அண்ணியின் தம்பி, சிட்டுவின் மாமா, நிறுவனங்களுக்குப் போய் ஊழியர்களை உட்காரவைத்து ஊக்கப் பேச்சு பேசுபவர். அவர் பேசிவிட்டுப் போன நிறுவனங்களில் பலர் ஊக்கம் பெற்று வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர் 'ஊக்கப் பிரிவு'. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஆவண அறையில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் நான் செயலாளர். சிட்டுவுக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று யோசித்து, 'பயனாளி' என்று பதிவு செய்தோம். பயனாளிக்கு ஓட்டு கிடையாது.

முதல் மூன்று மாதம் தயாரிப்புக்கான தயாரிப்பில் போயிற்று. பதினோரு புத்தகங்கள் வந்தன. உயர வரிசைப்படி அடுக்கினோம். மூன்றாம் கட்டம் வரும்வரை அவற்றைத் திறக்கக்கூடாது என்று தீர்மானம். கட்டு பிரிந்துவிட்டால் பிறகு யார் பதில் சொல்வது? சுவர் முழுக்க ஏழு வண்ணத்தில் அட்டவணை. பார்த்தவர்களெல்லாம் அசந்துபோனார்கள். சிட்டு மட்டும் அட்டவணையின் மூலையைத் தூக்கி, அதற்குப் பின்னால் இருந்த மின்விசிறி ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாடங்களைக் குழுவே பங்கு போட்டுக்கொண்டது. தினமும் காலையில் நடைப்பயிற்சி போகிற மாமாவுக்கு 'இயக்கம்'. சமையலறை அண்ணியின் வசம் என்பதால் 'வெப்பமும் ஆற்றலும்' அவருக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முடிப்புத் தேதி. அந்தத் தேதியில் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் பாடம் 'முடிந்தது'. அண்ணன் அலுவலகத்தில் லிப்டுகளும் இப்படித்தான் முடிகின்றன. சுழற்சி இயக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்று, சிட்டு அந்தப் பாடத்தைத் தான் இன்னும் படிக்கவே இல்லை என்று சொன்னாள். முடிப்பது வேறு, படிப்பது வேறு என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் வாழ்க்கையில் பின்தங்கிவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

சந்தேகம் கேட்பதற்கும் முறை இருந்தது. அண்ணியிடம் டோக்கன் வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சந்தேகம் வந்தால் அடுத்த வியாழன் நாலரைக்கு நேரம் கிடைக்கும். ஒருமுறை சிட்டு டோக்கன் வாங்கி, ஒன்பது நாள் காத்திருந்து, அண்ணனிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். கப்பி ஒன்றின் இருபுறமும் இரண்டு எடைகள் தொங்குகின்றன. கனமானது கீழே இறங்கினால் மற்றது என்ன முடுக்கத்தில் மேலே ஏறும்? லிப்டுக்குள் இருப்பது இதே கணக்குதான். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இது டெக்னிகல் பிரிவும்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாமா அப்படிக் கைவிரிக்கவில்லை. கணக்கைப் பார்க்காமலேயே தீர்வு சொன்னார். "நீ இயற்பியலப் படிக்காத. இயற்பியலா மாறிடு" என்றார். மாறுவதற்கு உதவியாக ஒரு கனவுப் பலகை, ஒரு நீலக் காலுறை, தலைக்கு மேல் தொங்கவிட ஒரு கண்ணாடி உருண்டை ஆகியவற்றைக் கொண்டுவந்தார். தினமும் இருபது நிமிடம் அந்த உருண்டையைப் பார்த்தபடி சூத்திரங்களை மனதால் கட்டிப்பிடிக்க வேண்டும். சிட்டு ஒரு வாரம் பார்த்தாள். பிறகு உருண்டையை ஆட்டிவிட்டு, ஒரு முறை போய்வர எத்தனை விநாடி என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். மாமா மனம் புண்பட்டு அதைக் கழற்றிக்கொண்டு போனார்.

ஞாயிறு தோறும் மூன்று மணி நேரம் ஆய்வுக் கூட்டம். புதன்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான முன்கூட்டம். மற்ற நாட்களில் பயனாளி முன்னேற்றப் படிவம் நிரப்ப வேண்டும். எவ்வளவு நேரம் படித்தாள் என்று ஒரு கட்டம். இந்தப் படிவம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு கட்டம். ஆறாவது மாதம் முதல், இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. அதை நான் முன்னேற்றம் என்று குறித்தேன்.

இதற்கிடையில் ஒரு புகார். பயனாளி குளியலறையில் தினமும் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கிறாள். அண்ணி வயிற்றுக் கோளாறு என்று பயந்தார். விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே கவிழ்த்துப் போட்ட பக்கெட்தான் மேசை. துண்டு போடும் கம்பியில் புத்தகம் கவிழ்ந்து தொங்கியது. சுவர் ஓடுகளில் தரையிலிருந்து என் தோள் உயரம்வரை கணக்குகள். சிட்டு தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள்; கையில் மக்.

"தண்ணியோட தலைக்கு மேல சுத்தினேன் சித்தப்பா. வேகமா சுத்தினா தலைகீழா இருக்கறப்பகூட விழல. நிறுத்தறப்பதான் விழுது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் கூட்டம் நடக்காத ஒரே அறை அதுதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. 'சுவரில் கிறுக்கல், தண்ணீர் விரயம்' என்று அறிக்கை கொடுத்தேன்.

ஏழாவது மாதம் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பரீட்சை பதினான்காம் தேதி, காலை எட்டு மணி. கூடவே சிட்டுவின் ஹால் டிக்கெட்.

அண்ணன் சுற்றறிக்கையை மூன்று முறை படித்துவிட்டுச் சிரித்தார். இந்த இடத்தில் அவருடைய அலுவலக வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு லிப்ட் முப்பதாம் தேதி தயாராக வேண்டுமென்றால், திட்டமிடல் பிரிவு பட்டறைக்கு இருபதாம் தேதி என்று எழுதும். பத்து நாள் முன்கூட்டியேதான் எழுதியிருப்பார்கள் என்று பட்டறைக்குத் தெரியும். முப்பதை மனதில் வைத்து வேலை செய்யும். காகிதத்தில் இருக்கும் தேதியை அப்படியே நம்புகிறவரை அங்கே 'நேத்து வந்தவர்' என்பார்கள். எந்த நிர்வாகமும் உண்மைத் தேதியைச் சொல்லாது என்பது அண்ணன் பதினாறு வருடத்தில் கற்ற பாடம். ஆகவே பள்ளி பதினான்கு என்று எழுதியிருக்கிறது என்றால் உண்மையான பரீட்சை இருபத்துநான்காம் தேதி.

சிட்டுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, இது பரீட்சை. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே தேதி. டீச்சரும் பதினாலுன்னுதான் சொல்றாங்க."

"பாவம், அவங்களுக்கும் மேல இருந்து அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றார் அண்ணன்.

அண்ணி உடனே ஆமோதித்தார். மருத்துவமனையில் பத்து மணி நோயாளியை ஒன்பதரைக்கு வரச்சொல்வது அவர்தானே. மாமா, தேதி என்பதே ஒரு மனநிலை என்றார். நான் கை தூக்கினேன். நான்குக்குச் சுழியம் என்ற கணக்கில் இருபத்துநான்கு வென்றது. பதினான்காம் தேதி 'முழு உடை ஒத்திகை' என்றும், ஹால் டிக்கெட் இருபத்துநான்காம் தேதிவரை சிவப்புக் கோப்பில் செயலாளரின் பொறுப்பில் இருக்கும் என்றும் தீர்மானமாயிற்று. தூங்கும்போதும் அந்தக் கோப்பு என் தலையணைக்கு அடியில் இருந்தது.

இரண்டு நாள் சிட்டு பெரும்பாலும் குளியலறையிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் கூட்டத்துக்கு வந்து இரண்டே கேள்வி கேட்டாள். ஒத்திகைக்குப் பள்ளி வாசல்வரை போவோமா? போவோம். ஹால் டிக்கெட் காரில் இருக்குமா? முழு உடை ஒத்திகை ஆயிற்றே, இல்லாமல் எப்படி?

"அப்ப சரி" என்றாள். பயனாளியின் ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டோம்.

பதினான்காம் தேதிக்கு முன் இரண்டு சிறிய ஒத்திகைகள் நடந்தன. அவற்றில் இரண்டாவதில், அண்ணி ஸ்டாப்வாட்சை நிறுத்துவதற்குள் சிட்டு கதவைத் திறந்து இறங்கிவிட்டதால் பயண நேரக் கணக்கு கெட்டுப்போயிற்று. அதிலிருந்து காரின் பின்கதவுகளுக்குக் குழந்தைப் பூட்டு போட்டோம். உள்ளேயிருந்து திறக்க வராது.

பதினான்காம் தேதி வந்தது. அண்ணன் காரை ஓட்டினார். முன்னால் அண்ணி, ஸ்டாப்வாட்சோடு. பின்னால் ஒரு ஓரம் மாமா, மறு ஓரம் சிட்டு, நடுவில் நான். என் மடியில் சிவப்புக் கோப்பு. ஏழு நாற்பத்தொன்றுக்குப் பள்ளி வாசலை அடைந்தோம். இருபத்திரண்டு நிமிடம், எங்கள் சாதனை. எல்லோரும் கைதட்டினோம். சிட்டு தட்டவில்லை.

வாசலில் ஒரே கூட்டம். பிள்ளைகள் ஒளி ஊடுருவும் பையில் பேனாவும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: 'ஒத்திகைக்கு வந்துள்ள பிற மாணவர்கள் சுமார் இருநூறு. நம் குழுவின் முறை மற்ற குடும்பங்களுக்கும் பரவியிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது.'

"அப்பா, பரீட்சை இன்னிக்குத்தான். பாருங்க, எல்லாரும் உள்ள போறாங்க" என்றாள் சிட்டு.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த உணர்வு வந்துடுச்சு பாத்தியா" என்று அண்ணியிடம் சொன்னார். மாமா அது தன் வேலை என்பதுபோல் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

சிட்டு கதவுப் பிடியை இழுத்தாள். வரவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, ஹால் டிக்கெட்டக் குடுங்க."

ஆவணம் வெளியே போக வேண்டுமென்றால் ஆறாம் எண் படிவம் இரண்டு பிரதி வேண்டும், தலைவர் ஒப்புதலும் வேண்டும் என்று சொன்னேன். சிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். படிவம் கொடுத்தேன். முழங்காலில் வைத்து எழுதினாள். 'காரணம்' என்ற இடத்தில் 'பரீட்சை எழுத' என்று எழுதியிருந்ததை அண்ணன் கவனித்துவிட்டார். 'ஒத்திகை' என்றுதான் இருக்க வேண்டும் என்றார். அடித்துத் திருத்தினாள். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது என்பதை நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. புதிதாக இரண்டு பிரதி எழுதினாள். உள்ளே மணி அடித்தது. வாசல் காலியாயிற்று. அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது; அதையும் சுட்டிக்காட்டினேன். அண்ணன் படித்துப் பார்த்து, பேனா தேடி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நிமிர்ந்தபோது மணி எட்டு பதினெட்டு. ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கினேன்.

ஒப்பம் போட்ட கையோடு சிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே விட்டு, கதவின் வெளிப்பிடியை இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். காவலாளி சின்னக் கதவைச் சாத்தப் போனவர், சீட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளை உள்ளே விட்டார். எட்டு இருபது.

பயனாளி ஒத்திகையின் வரம்பை மீறிவிட்டதாகக் காருக்குள்ளேயே அவசரக் கூட்டம் கூடியது. பத்து நிமிடம் ஆகியும் அவள் திரும்பாததால் அண்ணி இறங்கிப் போய்க் காவலாளியிடம் விசாரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். ஸ்டாப்வாட்சை நிறுத்தினார்.

"உள்ள பரீட்சை நடக்குதாம். பதினொன்றரைக்கு விடுவாங்களாம்" என்றார்.

"அந்த ஆளுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றார் அண்ணன். ஆனால் குரலில் சுரத்தே இல்லை. மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தோம். குறிப்பு எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு சிட்டு வந்தாள். கடைசிக் கேள்வியைத் தொடவே நேரமில்லையாம். "தெரிஞ்ச கேள்விதான்" என்று மட்டும் சொன்னாள். தானே கதவைச் சாத்திக்கொண்டு வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முடிவு வந்தது. ஐந்துக்கு நாலு. குளியலறையில் படித்தே நாலு வாங்கியிருக்கிறாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு நாலு போதாது. அண்ணன் மனம் தளராமல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பழைய உறுப்பினர்களே போதும் என்று முடிவாயிற்று. அறிக்கை ஒரே வாரத்தில் தயார். குழு தன் வாழ்நாளில் குறித்த தேதிக்குள் முடித்த ஒரே காரியம் அதுதான். நிர்வாக மரபுக்கு மாறாக உண்மைத் தேதியை வெளியிட்டது பள்ளியின் தவறு. தேதியை வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டு எழுத்து மூலம் தெரிவிக்காதது பயனாளியின் தவறு. தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை, பரீட்சைதான் முந்திக்கொண்டது. அண்ணி கூட்டத்தின் பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் சிட்டு மாடியறைக்கு வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, அன்னிக்கு கேட்டுல பசங்க எல்லாம் உள்ள போனத நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. எழுதிக்கூட வச்சிருக்கேன். சுமார் இருநூறு பேர்."

"மணி அடிச்சது?"

"அதுவும் இருக்கு. எட்டு மணி, ஒரு நீண்ட மணி."

குறிப்பேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தாள். எதையும் நான் விடவில்லை. அவள் எழுத்து கோணலாக விழுந்ததுகூட இருந்தது. மூடி என்னிடமே கொடுத்தாள். "அப்ப இதையும் அறிக்கையில சேத்துடுங்க" என்றாள்.

"அதுக்கு அப்பா அனுமதி வேணும்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். இப்போது கல்லூரியில், தான் ஏற்கெனவே படித்து முடித்த முதலாண்டு இயற்பியலை, மறுபடி முதல் பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். போகும்போதும் வரும்போதும் அந்த ஆய்வுக்கூடக் கதவைத் தாண்டித்தான் போகிறாளாம்.

இந்த வரலாற்றை எழுத நான் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. படிவம் எதுவும் நிரப்பவில்லை. படிவம் இல்லாமலும் ஒரு காரியத்தைச் செய்துவிடலாம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே தெரிந்திருந்தால், மடியில் இருந்த கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுக்க எனக்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும்.